கைப்பிடி வைத்த பெட்டி

பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றியதும் உன் ஊர் வாசம் வந்தது. கடற்கரை உப்பும் கொஞ்சம் கருவாடும் கலந்த வாடை. மிளகும் ஈர மண்ணும் விறகுப் புகையும் தவிர வேறெதுவும் மணக்காத எங்கள் வீட்டில் அது தனியாகத் தெரிந்தது. அம்மா அடுப்படியிலிருந்தே, "என்னத்தக் கண்ணு தொறந்த? மீன் வண்டி வந்தாப்புல இருக்குது" என்றாள். உன்னுடைய கம்ப்யூட்டர் மறுபடி மலையேறி வந்திருக்கிறது. நம்முடைய கம்ப்யூட்டர் என்றுதான் எழுத வந்தது. எழுதவில்லை.

உன் தம்பிதான் கொண்டுவந்தான். தூத்துக்குடியிலிருந்து கார் பிடித்து, காளப்பநாயக்கன்பட்டி தாண்டியதும் வளைவுக்கு வளைவு இறங்கி வாந்தியெடுத்து, முகம் வெளுத்துப்போய் வந்து சேர்ந்தான். அப்படியும் பெட்டியை மடியிலிருந்து இறக்கவில்லையாம். "அக்கா சொல்லிட்டுப் போனா. இத மலைல உங்ககிட்டதான் குடுக்கணும்னு" என்றான். மாதக்கணக்கில் நோயில் படுத்துக் கிடந்திருக்கிறாய், எனக்கு ஒரு வார்த்தை இல்லை. அடக்கம் முடிந்த பிறகு அவன் போன் செய்துதான் எனக்குத் தெரியும். ஊரைவிட்டுப் போகும்போதும் சொல்லவில்லை, உலகத்தைவிட்டுப் போகும்போதும் சொல்லவில்லை. எல்லாம் ஆன பிறகு ஆள் அனுப்புகிறாய். நல்ல பழக்கம் உன்னுடையது.

நீ எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மருந்தாளுநராக வந்தபோது, நான் அங்கே நோயாளிகளின் விவரங்களைக் கணினியில் ஏற்றுகிற தற்காலிக வேலையில் இருந்தேன். இன்றைக்கும் அதே வேலை, அதே நாற்காலி, அதே தற்காலிகம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனில் துப்பாக்கி விளையாட்டு ஒன்றை ஆடிக்கொண்டிருந்தேன். பின்னால் நின்று எட்டிப் பார்த்து, "ஏ புள்ள, எடது பக்கம் ஒருத்தன் நிக்கான் பாரு" என்றாய். நீ என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அதுதான். மருந்து கொடுக்கிற அம்மா, கழுத்தில் சிலுவை, வயது முப்பதைத் தாண்டியவள், என் ஆட்டத்தில் ஒளிந்திருக்கிறவனைக் காட்டிக்கொடுக்கிறாள். நான் அவனைச் சுட்டுவிட்டு உன்னைத் திரும்பிப் பார்த்தேன். அன்றைக்கே நாம் கூட்டாளிகளாகிவிட்டோம்.

"என்ன எதுக்கெடுத்தாலும் ங்க போட்டுப் பேசுத? நீன்னு சொல்லு" என்பாய். என் வாய்க்கு அது கடைசிவரை வரவில்லை, அக்கா. எழுத்தில்தான் வருகிறது, அதுவும் இந்தக் கோபத்தில்.

மலைக்குக் கீழே சமவெளியிலிருந்து, எங்கள் பேச்சில் கீழ்நாட்டிலிருந்து, வேலைக்கு வருகிறவர்களைப் பற்றி எங்கள் திண்ணனூர் நாட்டில் எல்லோருக்கும் ஓர் எண்ணம் உண்டு. வந்த மறுநாளே மாறுதலுக்கு எழுதிப் போட்டுவிட்டுத்தான் பெட்டியைத் திறப்பார்கள் என்பது. நீயோ வந்த வாரமே குவார்ட்டர்ஸ் ஜன்னலுக்குத் திரை தைத்துப் போட்டாய். வாசலில் கறிவேப்பிலைக் கன்று வைத்தாய். இவள் அந்த ரகமில்லை என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அம்மாதான் கேட்கவில்லை. "ஏஞ்சாமி, கீழ்நாட்டு ஆளுக என்னைக்கு இங்க தங்கியிருக்காங்க? மாத்தல் வந்தா பஸ் ஏறிருவாங்க. ரொம்ப ஒட்டிக்காத" என்பாள். உனக்காக அவளிடம் சண்டை போட்டு, ஒரு வேளைச் சோறுகூட உண்ணாமல் எழுந்திருக்கிறேன். இப்போது அதை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

உன்னுடைய பழைய லேப்டாப் சூடாகி, ஆட்டம் சூடுபிடிக்கிற நேரத்தில் அணைந்துபோகும். அப்போதுதான் சொன்னாய், "நாமளே பாத்துப் பாத்து ஒண்ணு சேத்துருவோம் புள்ள. பத்து வருசம் அசையக் கூடாது." அதற்குப் பிறகு நமக்கு வேறு பேச்சே இல்லை. மருந்துச் சீட்டு வாங்க வரிசையில் நிற்கிறவர்களுக்கு நடுவிலும் எந்த மதர்போர்டு, எந்த கிராபிக்ஸ் கார்டு என்று கண்ணாலேயே பேசிக்கொண்டோம்.

முதல் சண்டை கேபினட்டுக்கு. எனக்குப் பெரிய பெட்டி வேண்டும். உள்ளே கை புகவேண்டும், காற்று புகவேண்டும், பின்னால் இதைவிடப் பெரிய கார்டு போட்டாலும் இடம் இருக்கவேண்டும். நீ காட்டியது ஒரு சின்ன அலுமினியப் பெட்டி. தலையில் ஒரு கைப்பிடி.

"இது என்னங்க்கா, டிபன் கேரியராட்டம்?"

"கெட்டுப்போனா கீழ தூக்கிட்டுப் போவ வேண்டாமா? பஸ்ல மடியில வச்சுக்கலாம்லா."

நியாயமாகத்தான் பட்டது. இரும்புப் பெட்டி கூடாது, பனிமூட்டத்தில் துருப்பிடிக்கும் என்றாய். அதுவும் நியாயம். ஸ்க்ரூவைக்கூட விடவில்லை நீ. பெட்டியோடு வருவது வேண்டாமென்று, துருப்பிடிக்காததாகத் தனியாகத் தேடி வாங்கினாய். "பெரிய சாமான்லாம் தாங்கிரும் புள்ள. சின்னதுதான் கவுத்துரும்" என்பாய். அதை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

பிராசஸரைக் குளிர வைக்க, அந்தச் சின்னப் பெட்டிக்குள் எவ்வளவு பெரியது அடங்குமோ அவ்வளவு பெரிய விசிறி வேண்டும் என்றாய். ஐப்பசியில் போர்வைக்குள்ளிருந்து கையை வெளியே எடுக்க முடியாத ஊரில் எதற்கு என்று கேட்டேன். "பத்து வருசம் ஓடணும்லா" என்றாய். மதர்போர்டின் பின்னால் இரண்டு கொம்பு நீட்டிக்கொண்டிருந்தது, வயர் இல்லாமல் இணையம் பிடிப்பதற்கு. எங்கள் ஊரில் அதைப் பிடிக்க ஒன்றுமே கிடையாது, போனுக்கே சிக்னல் தேடிப் பாறை மேல் ஏறவேண்டும். "இருக்கட்டுமே, சோறா கேக்குது?" என்றாய்.

நான் ஜெயித்தது ஒன்றே ஒன்றில். கரண்டை வாங்கிப் பிரித்துக் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ். மலையில் யாராவது மோட்டார் போட்டால் எங்கள் வீட்டு விளக்கு கண்ணை மூடி மூடித் திறக்கும். கிராபிக்ஸ் கார்டில் ஒரு படி இறங்கினாலும் பரவாயில்லை, இதில் இறங்கவே கூடாது என்று நின்றேன். ஏறி இறங்கும் கரண்டைத் தாங்குவதாக, தேவைக்கு மேலேயே தெம்புள்ளதாக எடுத்தோம். கூடவே ஒரு யூபிஎஸ் வேண்டும் என்றேன். "அது கல்லு கணக்கா கனக்கும். பொறவு பாத்துக்கலாம்" என்று தள்ளிவிட்டாய். இடி இறங்குகிற மலையில், கம்ப்யூட்டருக்கு முதலில் வேண்டியதைப் பிறகு பார்க்கலாம் என்றாய். நானும் தலையாட்டினேன். இடி முழங்கும்போதெல்லாம் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கியது யார்? நான்தான்.

கடைசியில் ரேம். போர்டில் இரண்டு இடம். ஒன்றை நிரப்பிவிட்டு மற்றதைத் தொட்டுக் காட்டினாய். "இது ஒன் இடம். ஒன் கையால வாங்கிப் போடு. அப்பதான் பாதி ஒனக்குன்னு எனக்கும் இருக்கும்." அந்த வார்த்தையில் நான் விழுந்தேன். வீட்டில் எனக்கென்று ஓர் அலமாரி கிடையாது. அலுவலகத்தில் நாற்காலிகூடத் தற்காலிகம். என் இடம் என்று ஒருத்தி விரல் வைத்துக் காட்டினால் எப்படி இருக்கும் என்று நீயே யோசித்துப் பார்.

கூரியர்காரர்கள் மலைக்கு வரமாட்டார்கள். ஒவ்வொரு சாமானாகக் காளப்பநாயக்கன்பட்டிக்கு இறங்கிப்போய் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு ஏறினோம். கீழேயே பூட்டிக் கொண்டுவந்தால் கொண்டை ஊசி வளைவுகளின் குலுக்கலில் கார்டின் கனம் தாங்காமல் போர்டு விரிசல் விட்டுவிடும் என்று நான்தான் தடுத்தேன். உன் குவார்ட்டர்ஸ் சுவரில் மழை ஈரம் ஊறியதால், அது காயும்வரை எல்லாம் எங்கள் வீட்டில் சேர்ந்தன. ஒருநாள் வந்து பார்த்தால் கிராபிக்ஸ் கார்டைக் காணோம். அம்மா அதை அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து, பழஞ்சேலையில் சுற்றி, அடுப்புக்கு மேலே விதைக் கேழ்வரகும் மிளகும் கிடக்கிற பரணில் வைத்திருந்தாள். "அட்டை ஈரத்த இழுக்கும் சாமி. ஒசந்த சாமானுன்னு சொன்னீங்களே, அதான் வெதையோட வெச்சேன்" என்றாள். புகையில் அது கறுத்துப்போயிருந்தது. நான் அழாத குறை. நீ சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, ஸ்பிரிட்டைத் தொட்டுப் பல் துலக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு மடிப்பாகத் துடைத்தாய். "கார்டுக்கு சாம்பிராணி போட்டாச்சு, இனி நோயே அண்டாது" என்றாய். அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்குத்தான் அவள் உன்னை முதல்முதலாகச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள்.

ஒரு ஞாயிறு, நீ ஜெபம் முடித்து வந்ததும் உன் குவார்ட்டர்ஸில் உட்கார்ந்து பூட்டினோம். விசிறி சுழன்றதும் என் தோளில் அடித்தாய். அதற்குப் பிறகு எத்தனை ஞாயிறு, ஆளுக்கொரு ஜாய்ஸ்டிக்கோடு! நீ எப்போதும் முன்னால் ஓடுவாய். "பின்னால பாத்துக்க புள்ள" என்பாய். நான் பார்த்துக்கொள்வேன்.

அப்போதுதான் கோவையிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. கல்லூரியில் கூடப் படித்தவள் வேலை பார்க்கிற கம்பெனியில், புதிதாக வரும் விளையாட்டுகளை ஆடிப் பார்த்துப் பிழை கண்டுபிடிக்கிற வேலை. நமக்கென்றே செய்த வேலை மாதிரி இருந்தது. சந்தோஷத்தோடு உன்னிடம் ஓடிவந்தேன். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். "போவாத புள்ள. நீ போய்ட்டா இந்த மலைல நான் யார்கூடப் பேசுவேன்? நாம ரெண்டு பேரும் இங்கனயே இருப்போம்" என்றாய். என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாய். அது நடிப்பில்லை என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன். மறுநாள் கோவைக்கு வரவில்லையென்று சொல்லிவிட்டேன்.

என் பங்கு ரேமை வாங்கச் சேலம் போன நாள் நினைவிருக்கிறது. உனக்கு இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்று சொல்லாமல் போனேன். அதே கம்பெனி, அதே அளவு, கடை கடையாக ஏறித் தேடி வாங்கிக்கொண்டு, பனிமூட்டத்தில் ஊர்ந்து வந்த மாலை பஸ்ஸில் ஏறி வந்து இறங்கினால், உன் குவார்ட்டர்ஸ் பூட்டிக் கிடக்கிறது. ஜன்னலில் திரை இல்லை. டீக்கடைக்காரர்தான் சொன்னார், "மருந்து குடுக்கற அம்மாவுங்களா? காலைல பஸ்ல போயிருச்சுங்களே. ஒரு சின்னப் பொட்டிய மடியில வெச்சுக்கிட்டு. ஏனுங்க, உங்ககிட்ட சொல்லலீங்களா?"

அவர் கேட்டதில் தப்பில்லை. ஆனால் அந்தக் கேள்வியோடு நான் வீட்டுக்கு நடந்த நடை இருக்கிறதே, அது என் எதிரிக்கும் வேண்டாம். அம்மா தட்டில் சோற்றைப் போட்டு முன்னால் வைத்தாள். நான் சொன்னது சரியாப்போச்சா என்று அவள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

பிறகு போன் செய்தாய். "ஆர்டர் திடீர்னு வந்துட்டு புள்ள. ஒன் மூஞ்சியப் பாத்துட்டுக் கிளம்ப முடியாதுன்னுதான் சொல்லல. கவர்மெண்டு உத்தரவு, நான் என்ன செய்ய?" நான் நம்பினேன். அரசாங்கம் உன்னைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது என்று இத்தனை வருடமாக அரசாங்கத்தைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். அது ஒரு சௌகரியமான கோபம். கோபமும் இருக்கும், நீயும் கெட்டுப்போக மாட்டாய். உன் சாவுச் செய்தி வந்தபோதும் அந்த நம்பிக்கையில்தான் அழுதேன்.

பெட்டி வந்த அன்றைக்கு உன் தம்பி எதிரே உட்கார்ந்து, வயிறு கொஞ்சம் அடங்கியதும் அம்மா கொடுத்த கறுப்புக் காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தான். நான் சும்மாதான் சொன்னேன், உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு.

"ஒரு ஸ்க்ரூவுல கூடத் துரு இல்லீங்களே. நேத்து வாங்குனாப்புல இருக்குது."

"எப்படிப் பிடிக்கும்? எங்க ஊரு உப்புக் காத்துக்குன்னே பாத்து வாங்குனதுலா" என்றான் அவன், பெருமையாக. "மலைக்கு வந்த மாசமே அக்கா மாறுதலுக்கு எழுதிப் போட்டுட்டா. போன்ல அப்பமே சொல்லுவா, கம்ப்யூட்டர் ஒண்ணு சேத்துட்டு இருக்கேன், வரும்போது கொண்டாருவேன், மேசைய சன்னல் பக்கம் போட்றாதிய, உப்பு அடிக்கும்னு."

அவன் வெகுளி. எதைச் சொல்லிவிட்டோம் என்று அவனுக்குத் தெரியாது. நான் குனிந்து பெட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அலுமினியம் பனிக்கு அல்ல, கடற்காற்றுக்கு. பெரிய விசிறி பத்து வருடத்துக்கு அல்ல, உன் ஊர்ச் சித்திரைக்கு. இரண்டு கொம்பும் உன் வீட்டு இணையத்துக்கு. கைப்பிடி பழுது பார்க்கக் கீழே கொண்டுபோவதற்கு அல்ல, ஒரேயடியாகக் கொண்டுபோவதற்கு. யூபிஎஸ் மலைக்குத்தான் வேண்டும், உனக்கு வேண்டாம். ஒவ்வொரு சாமானுக்கும் நான் உன்னோடு மல்லுக்கு நின்று, நீ சொன்ன காரணத்தைக் கேட்டு, சரிங்க்கா என்று விட்டுக்கொடுத்தேனே, ஒவ்வொரு சரிங்க்காவுக்கும் உனக்குள் என்ன ஓடியிருக்கும்? நான் இந்த மலைக்கு ஒரு கம்ப்யூட்டர் சேர்த்துக்கொண்டிருந்தேன். நீ அதே பெட்டிக்குள் தூத்துக்குடிக்கு ஒன்று சேர்த்துக்கொண்டிருந்தாய். மனம் மாறிப் போனவள் என்றால் மன்னித்திருப்பேன். முதல் ஸ்க்ரூ வாங்கும்போதே நீ போகிறவள். அது தெரிந்துகொண்டே என்னைப் போகாதே என்றாய். எப்படி வாய் வந்தது உனக்கு?

அவன் காப்பியை வைத்துவிட்டு எழுந்து வந்து, ரேம் இருக்கும் இடத்தை எட்டிப் பார்த்தான். ஒன்று நிரம்பியிருந்தது. பக்கத்தில் ஒன்று காலி.

"இந்த இடத்துக்குத்தான் எனக்கும் அக்காவுக்கும் சண்டை. புது ஆட்டமெல்லாம் திக்கித் திக்கி ஓடும். இன்னொண்ணு வாங்கிப் போடுதேன்னா கத்துவா. அது வேற ஆளுக்குள்ள இடம், தொடாதல அப்படிம்பா. யாரு அந்த ஆளு?"

"தெரியலீங்க" என்றேன்.

இத்தனை வருடம் திக்கித் திக்கி ஆடியிருக்கிறாய், என் இடத்தை யாருக்கும் கொடுக்கவில்லை. இதைக் கேட்டால் நான் உருகிப்போய்விடுவேன் என்றுதானே அனுப்பிவைத்தாய்? உருகவும்தான் செய்தேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கணக்குச் சரியாகவில்லை, அக்கா. உன் பேச்சைக் கேட்டு நான் கோவையில் விட்ட இடம் ஒரு வாழ்க்கை. நீ எனக்கு விட்டுவைத்த இடம் ஒரு சாண்கூட இல்லை.

அவன் போன பிறகு என் தகரப் பெட்டியிலிருந்து, அன்றைக்குச் சேலத்தில் வாங்கிய ரேமை எடுத்தேன். உறையைக்கூடப் பிரித்திருக்கவில்லை. பிராசஸர் மேல் சூட்டைக் கடத்தத் தடவிக் காய்ந்துபோயிருந்த பசையைச் சுரண்டிப் புதிது தடவி, விசிறியில் ஒட்டியிருந்த உப்புப் படலத்தைத் துடைத்து, அதன் இடத்தில் அதை அழுத்தினேன். இரண்டு பக்கமும் டக்கென்று பிடித்துக்கொண்டது. பொத்தானை அமுக்கினால் முதல் தடவையிலேயே திரை வந்துவிட்டது. நான் சண்டை போட்டு வாங்கிய எஸ்எம்பிஎஸ் இன்னும் முழுசாக இருக்கிறது. எங்கள் வீட்டு விளக்கு ஒருமுறை மங்கி எழுந்தது, பெட்டி அசையவில்லை. மலைக்கென்று அதில் சேர்ந்த ஒரே சாமான் அதுதான்.

பிறகு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கைப்பிடியைக் கழற்றினேன். உன் ஸ்க்ரூக்கள் துளியும் மக்கர் செய்யாமல் வந்தன. நல்லாப் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறாய்.

"அதெ ஏங்கண்ணு கழட்டற? தூக்கறதுக்கு வாட்டமா இருக்குமில்ல?" என்றாள் அம்மா.

"இனி யாரும் தூக்க வேண்டியதில்லீம்மா."

அந்தக் கைப்பிடி இப்போது என் பையில் கிடக்கிறது. டிபன் பாக்ஸோடு உரசிக்கொண்டு தினமும் வேலைக்கு வருகிறது. தூக்கி எறிய மனம் வரவில்லை, ஏனென்று கேட்காதே. பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் வாங்க யோசனை கேட்டு ஊர்க்காரர்கள் இப்போதெல்லாம் என்னிடம் வருகிறார்கள். எவ்வளவு ஆகும் என்று அவர்கள் ஆரம்பிப்பதற்கு முன்னால் நான் ஒன்று கேட்டுவிடுகிறேன். "எங்க வெச்சு ஓட்டப் போறீங்க?" கேட்டுவிட்டு அவர்களின் முகத்தைப் பார்க்கிறேன். உன்னால் வந்த பழக்கம்.

எங்க ஊருக்குத்தான் புள்ள என்று நீ அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒருநாள் அழுதிருப்பேன். மறுநாள் உட்கார்ந்து, உப்புக் காற்றுக்குத் தாங்குகிற ஸ்க்ரூ எதுவென்று நானே தேடி எடுத்துக் கொடுத்திருப்பேன்.